பேசும் தூண்கள்

நியூஸிலாந்து தேசத்தின் தலைநகரமான வெல்லிங்டனில் 'தே பாபா' என்று பெயர் பெற்ற தேசியப் பொருட்காட்சி சாலை ஒன்று இருக்கிறது. அதன் சேகரிப்பில் உள்ள எத்தனையோ அபூர்வ வஸ்துக்களுக்கு நடுவே ஒரு வெண்கல மணியின் தலைப்பாகமும் இருக்கிறது. மணிக்கு நாக்கு இல்லை. அடிவிளிம்பு உடைந்து போயிருக்கிறது. தலைகீழாகப் பிடித்தால் சிறு பாத்திரம் என்றே சொல்லிவிடலாம்.

உண்மையில் அது நெடுங்காலம் பாத்திரமாகத்தான் இருந்தது. 1836-ம் வருஷத்தை ஒட்டி, வில்லியம் கோலென்ஸோ என்ற கிறிஸ்தவ மிஷன் அச்சுக்காரர் வடதீவில் ஃபாங்கரேய் பிரதேசத்துக்குள் பிரயாணம் செய்தார். அங்கே மாவோரி ஸ்திரீகள் இந்த மணியில் உருளைக்கிழங்கு வேகவைத்துக் கொண்டிருப்பதைக் கண்டார். புயற்காற்றில் சாய்ந்த ஒரு பெரிய மரத்தின் வேரடியில் அது அகப்பட்டதாக அவர்கள் தெரிவித்தார்கள். கோலென்ஸோ ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்துவிட்டு மணியை வாங்கிக் கொண்டார். மணியைச் சுற்றி எழுத்துக்கள் இருந்தன. அவை தமிழ் எழுத்துக்கள் என்பது பிற்பாடு தெரிய வந்தது! முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று அறிஞர்கள் அவற்றைப் படித்திருக்கிறார்கள்.

தமிழ்க் கப்பலின் மணி தென்கோடித் தீவுக்கு எப்படிப் போயிற்று என்பது பற்றி நூறு ஊகங்கள் வெளிவந்திருக்கின்றன. அந்த ஆராய்ச்சியில் இப்போது நாம் இறங்கப் போவதில்லை. நம் மனம் வேறொரு விஷயத்தில் செல்கிறது. கிழங்கு வேகவைத்த அந்தப் பெண்மணிகள் மணியின் மீதிருந்த எழுத்துக்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள்? யாரோ ஒரு கன்னான் அழகுக்காகப் போட்ட கோடுகள் என்று நினைத்திருக்கலாம். அதில் அவர்கள் பேரில் ஒரு குற்றமும் இல்லை. வாங்கிய கோலென்ஸோவுக்கும் அதைப் படிக்கத் தெரியாது. ஒரு மனிதரின் பெயரும் அவருடைய கப்பலும் அந்தக் கோடுகளுக்குள் அடங்கியிருந்தன; படிக்கத் தெரிந்தவர் கண்ணில் படுகிற வரையில் அவை வெறும் அலங்காரம்தான்.

இதே கதை மறுபுறமாகவும் நடந்தது. மாவோரிகளின் வீடுகளிலும் படகுகளிலும் முகங்களிலும் இருந்த கோடுகளைப் பார்த்து, "ஆஹா, என்ன வேலைப்பாடு!" என்று வெள்ளைக்காரர்கள் வியந்தார்கள். வியந்ததோடு நில்லாமல் பெயர்த்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டும் போனார்கள். கோடுகளுக்குள் மனிதர்களின் பெயர்கள் இருக்கின்றன என்பதை அவர்களில் வெகு சிலரே கவனித்தார்கள்.

மாவோரிகளின் முன்னோர் பதின்மூன்றாம் நூற்றாண்டு வாக்கில், பசிபிக் சமுத்திரத்தின் கீழ்ப்பாகத்துத் தீவுகளிலிருந்து பாய்மரப் படகுகளில் நியூஸிலாந்துக்கு வந்து குடியேறியவர்கள். அவர்களிடம் எழுத்து இல்லை, உலோகமும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதிரிமார்கள் வந்த பின்னரே அவர்களுடைய பாஷை ஏட்டில் ஏறிற்று. அதற்கு முன் ஆறு நூற்றாண்டு காலத்துச் சரித்திரத்தை எங்கே வைத்துக் காப்பாற்றினார்கள் என்றால், பாதியை ஞாபகத்திலும் பாதியை மரத்திலும் என்று சொல்ல வேண்டும்.

மரத்தில் செதுக்கும் வித்தை மனிதருக்குக் கிடைத்ததைப் பற்றி வடதீவின் கீழ்க்கரை மக்கள் ஓர் அருமையான கதை சொல்லுகிறார்கள். ருவாதெபுபுகே என்று ஒருவன் இருந்தான். அவனுடைய மகன் சமுத்திரராஜனான தங்கரோவாவின் கோபத்துக்கு ஆளானான். தங்கரோவா பையனைப் பிடித்துக்கொண்டு போய், கடலுக்கடியில் இருந்த தன் மாளிகையின் முகட்டில் பதுமைபோல் நிறுத்தி வைத்துவிட்டான். மகனைத் தேடிக்கொண்டு தகப்பன் கடலில் மூழ்கினான். ஆழத்திலே ஒரு வீடு தெரிந்தது. உள்ளே பலர் கூடிப் பேசும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் ஒரு மனிதரையும் காணோம். பேசிக்கொண்டிருந்தவை தூண்கள்! செதுக்கிய தூண்கள் ஒன்றோடொன்று சம்பாஷணை செய்துகொண்டிருந்தன. அண்ணாந்து பார்த்தான், முகட்டின் மேல் அவனுடைய பிள்ளை நின்றான். தகப்பன் அந்த வீட்டுக்குத் தீ வைத்தான். மகனை எடுத்துக்கொண்டு, கைக்கு அகப்பட்ட முகப்புத் தூண்கள் சிலவற்றையும் பெயர்த்துக்கொண்டு கரையேறினான். அவற்றைப் பார்த்துத்தான் மனிதர்கள் செதுக்கக் கற்றுக் கொண்டார்களாம். ஆனால் பேசத் தெரிந்தவை உட்புறத்துத் தூண்கள். அவை எரிந்து சாம்பலாகிவிட்டன. வெளிப்புறத்துத் தூண்கள் ஆதியிலிருந்தே ஊமைகள். ஆகையினால் இன்றைக்கு மாவோரித் தூண்கள் வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாலும், ஒரு வார்த்தை பேசுவதில்லை.

தூண்கள் ஊமையானதால், அவற்றுக்காகப் பேசும் கடமை மனிதர்களுக்கு ஏற்பட்டது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, மாவோரிகளின் 'ஃபாரெநுயி', அதாவது ஊருக்குப் பொதுவான பெரிய வீட்டுக்குள் போவோம்.

வீடு என்றோம். அதை வீடு என்பதைவிட ஒரு பாட்டனார் என்பதே பொருத்தம். பெரும்பாலான வீடுகளுக்கு ஒரு மூதாதையின் பெயரே வழங்குகிறது. வீட்டின் ஒவ்வோர் அங்கமும் அவருடைய அங்கம். முகப்பின் உச்சியில் உள்ள முகம் அவருடைய முகம். அதிலிருந்து இருபுறமும் சரிந்து இறங்கும் பலகைகள் அவர் விரித்த கைகள். பலகைகளின் நுனியில் விரல்களைப்போல் பிளந்து விட்டிருப்பார்கள். உள்ளே நீளவாட்டில் ஓடும் முகட்டு உத்தரம் முதுகெலும்பு. அதிலிருந்து இருபக்கமும் இறங்கும் கைமரங்கள் விலா எலும்புகள். உத்தரத்தைத் தாங்கி நடுவே நிற்கும் தூணுக்கு, இருதயத்தைத் தாங்கும் தூண் என்றே அவர்கள் பாஷையில் பெயர். வாசலைக் கடந்து உள்ளே போகிறவர், ஒரு பெரியவர் இரு கைகளையும் விரித்து அழைக்க, அவருடைய வயிற்றுக்குள் போய்ச் சேருகிறார். காலணியைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே உணவு உண்ணக்கூடாது. விருந்தாளிகள் இரவில் அங்கேயே வரிசையாகப் படுத்துத் தூங்குவார்கள். இறந்தவரின் உடலை மராயே என்னும் ஊர்ப் பொதுமன்றத்துக்குக் கொண்டுவந்து, பெரிய வீட்டின் உள்ளேயோ முகப்பிலோ வைத்து, சுற்றிலும் இருந்து அழுது பேசி வழியனுப்புவார்கள்.

இரு சுவர்களிலும் வரிசையாக நிற்கும் செதுக்குப் பலகைகளுக்குப் 'பொவுபொவு' என்று பெயர். ஒவ்வொன்றும் ஒரு மூதாதை. தலை பெருத்து, கால் குறுகி, கண்ணில் பாவா என்னும் கிளிஞ்சலின் நீலப்பச்சை ஒளி மின்ன, சற்றுக் கோரமாகக்கூட இருக்கும். உடலில் தலையே பவித்திரமானது என்பது அவர்கள் கொள்கையாதலால் தலையைப் பெரிதாக்கினார்கள். நாக்கு நீட்டியிருப்பது பகைவனை எதிர்க்கும் வீர நடனத்தில் செய்யும் பாவனை. பாதிரிமார்களில் சிலர் இவற்றைப் பேய் பிசாசுகள் என்று கருதினார்கள். நாகரிகமில்லை என்று சில உருவங்களின் சில பாகங்களைச் செதுக்கித் தள்ளவும் செய்தார்கள். தங்கள் கொள்ளுப் பாட்டனாரைப் பேய் என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் மனம் நோகாது?

சரி, மேலே பார்ப்போம். முதுகெலும்பிலும் விலா எலும்புகளிலும் சிவப்பு, கறுப்பு, வெள்ளை ஆகிய மூன்றே வர்ணங்களில் வளைவு வளைவான சித்திரம் ஓடுகிறது. இதற்குக் 'கோஃபைஃபை' என்று பெயர். செம்மண் காவியைச் சுறா எண்ணெயில் குழைத்துச் சிவப்பும், புகைக்கரியிலிருந்து கறுப்பும் உண்டாக்கினார்கள். இந்தச் சித்திரத்தின் உயிரெழுத்து என்று சொல்லத்தக்கது 'கொரு'. மரம்போல் உயர்ந்து வளரும் பெரணிகள் அந்நாட்டுக் காடுகளில் ஏராளம். அவற்றின் இளந்தளிர் சுருண்டு, நுனியில் ஒரு குமிழோடு வெளிவரும். அந்தச் சுருள்தான் கொரு.

இன்று கொரு போட்ட பதக்கம், கைக்குட்டை, தேநீர்க் கோப்பை எல்லாம் கடைகளில் கிடைக்கின்றன. நியூஸிலாந்தின் விமானக் கம்பெனி 1973-ம் வருஷம் அதை விமானத்தின் வாலிலேயே தீட்டிக் கொண்டது. பதக்கத்தோடு ஒரு சிறு அட்டையும் கொடுப்பார்கள். 'கொரு: புது வாழ்வு' என்று அதில் அச்சிட்டிருக்கும். பொய் என்று சொல்ல மாட்டோம். ஆனால் அது அகராதியில் ஒரு சொல்லைப் பார்த்துவிட்டுக் காவியத்தைப் படித்துவிட்டதாக நினைப்பதைப் போன்றது. வீட்டுக்குள் கொரு தனியாக இருப்பதில்லை. முதுகெலும்பின் மேல் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து ஓடுகிறது. அங்கிருந்து கைமரத்தின் வழியே இறங்கி, சுவரில் நிற்கும் மூதாதையின் தலையில் வந்து முடிகிறது. ஆதி புருஷனிடமிருந்து வந்த மூல வம்சம் உத்தரத்தில். கிளை வம்சங்கள் கைமரங்களில். அந்தக் கிளையின் தலைவர் கீழே தூணில். ஒரு தலைவர் இறந்தால் மற்றொருவர் எழுவார் என்பதை, ஒரு பெரணித் தளிர் சாய்ந்தால் மற்றொன்று நிமிரும் என்று மாவோரிப் பழமொழி சொல்லுகிறது. வாழையடி வாழை என்று நாம் சொல்லுவதைத்தான் அவர்கள் பெரணியைக் கொண்டு சொல்லியிருக்கிறார்கள். கூட்டத்தில் பேச எழுந்திருக்கும் பெரியவர், வம்சாவளியைச் சொல்லும்போதே இன்ன தூண், இன்ன தூண் என்று காட்டிக்கொண்டு போவார். அச்சமயத்தில் அந்த வீடு முழுவதும் ஒரு திறந்த புத்தகம்.

கோஃபைஃபையில் வேறு எழுத்துக்களும் உண்டு. 'மங்கோபரே' என்பது சுத்தியல் தலைச் சுறா. தூண்டிலில் அகப்பட்ட பிறகும் கடைசி மூச்சு வரையில் சுறா போராடும். செத்தால் பேய்க்கணவாயைப்போல் துவண்டு சாகாமல் சுறாவைப்போல் சாக வேண்டும் என்பது அவர்கள் இளைஞருக்குச் சொல்லும் புத்திமதி. 'புஹோரோ' என்னும் சித்திரத்தைப் போர்ப்படகின் அடிப்பாகத்தில் தீட்டினார்கள். வீரர்களின் தொடையிலும் பச்சை குத்தினார்கள். இரண்டு இடத்திலும் அதன் பொருள் வேகம்தான்.

தூணுக்கும் தூணுக்கும் இடையே உள்ள வெளியைப் பின்னல் தட்டிகளால் அடைத்திருப்பார்கள். 'துகுதுகு' என்று அவற்றுக்குப் பெயர். நேர் நேராக நாணல் தண்டுகளை நிறுத்தி, குறுக்கே மரச்சிம்புகளை வைத்து, நாரினால் இழுத்துக் கட்டுகிறார்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து நாரை மாற்றி மாற்றிக் கொடுத்து வாங்க வேண்டும். ஒற்றை ஆளால் ஆகக்கூடிய வேலையே இல்லை. மணிக்கணக்காக எதிரெதிரே உட்காரும் இருவர் என்னென்ன பேசிக் கொள்வார்கள் என்பதை நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வம்சக் கதைகள் பலவும் இப்படித்தான் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குத் தட்டியின் துவாரங்கள் வழியே போயிருக்கின்றன.

துகுதுகுவில் படிக்கட்டைப் போன்ற ஒரு சித்திரம் உண்டு. 'பொவுதாமா' என்பார்கள். மூன்று கூடை ஞானத்தைக் கொண்டுவருவதற்காகத் தானே என்னும் தேவன் வானுலகங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் சென்ற படிகள் அவை. வேறு சில குலத்தார் ஏறியவன் தாஃபாகி என்னும் வீரன் என்பார்கள். நட்சத்திரங்களைத் தூவினாற்போன்ற சித்திரம் எண்ணற்ற ஜனங்களைக் குறிக்கும். தட்டை மீனைப் போன்ற சாய்சதுரம் உணவுக்குக் குறைவில்லாமையைக் குறிக்கும்.

எல்லாவற்றிலும் நம்மை உருக்குவது 'ரொய்மதா தொரோவா'. அதற்கு அல்பட்ராஸ் பறவையின் கண்ணீர் என்று அர்த்தம். கண்ணிலிருந்து நேர்க்கோடாக இறங்கும் துளிகளைப் போலவே பின்னியிருக்கும். பொவுரங்காஹுவா என்பவன் சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கொண்டுவருவதற்காகப் பூர்விக நாடான ஹவாய்கிக்குப் போனான். திரும்பி வருவதற்கு அங்கிருந்த ருவாகபங்கா என்னும் ஞானி தன் இரண்டு பெரிய பறவைகளைக் கொடுத்தான். இறங்கியதும் அவற்றைத் தாமதிக்காமல் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. பொவுரங்காஹுவா ஊர் வந்து சேர்ந்தான். கிழங்கும் வந்து சேர்ந்தது. வாக்கை மட்டும் மறந்தான். காலங்கடந்து புறப்பட்ட பறவைகள் ஹிகுரங்கி மலையில் இருந்த அரக்கனிடம் சிக்கின. அவை வடித்த கண்ணீர்தான் சுவரில் இருக்கிறது. தங்கள் ஜாதிக்குச் சோறு போட்ட கிழங்கு ஒரு வாக்குத் தவறியதன் மூலம் கிடைத்தது என்பதை மறைக்காமல், பொது வீட்டின் சுவரிலேயே பின்னி வைத்த ஜனங்களின் நேர்மையை என்னவென்பது!

செதுக்கும் வேலை தெய்வ காரியமாக நடந்தது. மரம் காட்டுத் தேவனான தானேயின் பிள்ளை; தகுந்த மந்திரம் சொல்லி அனுமதி பெறாமல் வெட்டக்கூடாது. கேளாமல் வெட்டிய ராதா என்பவனுடைய மரத்தைக் காட்டுப் பறவைகளும் பூச்சிகளும் சேர்ந்து இரவோடு இரவாகத் திரும்ப நிறுத்திவிட்டன என்று கதை. பச்சைக்கல் வாய்ச்சியாலும் உளியாலும் தோதாரா மரத்தைச் செதுக்கினார்கள். கீழே விழுந்த சிராய்களைச் சமையலுக்கு எரிக்கக்கூடாது. வாயால் ஊதித் தள்ளவும் கூடாது. போர்ப்படகின் முன்மூக்கில் இரட்டைச் சுருள் ஒன்றை, இடையிடையே வெளிச்சம் தெரியும்படி குடைந்து செதுக்குவார்கள். ஆதியில் வானத் தந்தையும் பூமித் தாயும் இறுகத் தழுவிக் கிடந்தபோது, பிள்ளைகள் நடுவில் இருட்டில் நசுங்கினார்கள். தானே மல்லாந்து படுத்துக் காலால் உதைத்து இருவரையும் பிரித்தான். வெளிச்சம் உள்ளே புகுந்தது. அந்த முதல் வெளிச்சம் புகுந்த வழிதான் சுருளின் இடைவெளி என்று சொல்லுகிறார்கள்.

மரத்தில் எழுதியதைச் சொன்னோம். முகத்தில் எழுதியதை 'மொகோ' என்பார்கள். அதற்கும் ஒரு கதை உண்டு. மதாவோரா என்பவன் மனைவி நிவாரெகாவைக் கோபத்தில் அடித்துவிட்டான். அவள் பாதாளத்திலிருந்த தன் தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் பின்னாலேயே போனான். அவன் முகத்திலிருந்த கோலம் வெறும் சாயம், வேர்வையில் அழிந்தது. பாதாளத்தார் கைகொட்டிச் சிரித்தார்கள். மாமனார் ஊவேதொங்கா அவனைப் படுக்க வைத்து, உளியால் தோலைக் கீறி அழியாத மொகோவை எழுதினார். வலி தாங்காமல் அவன் பாடிய பாட்டைக் கேட்டு மனைவி வந்தாள். பெண்ணை அடிப்பதில்லை என்னும் உறுதியோடு அவன் அவளை மேலுலகத்துக்கு அழைத்து வந்தான். பாதாளத்திலிருந்து மொகோவும் மேலாடை ஓரத்துச் சித்திரப் பின்னலும் இப்படி மனிதருக்கு வந்தன. மொகோ குத்திக் கொண்ட ஒவ்வொருவன் முகத்திலும் இந்தப் பிரதிக்ஞையும் அடங்கியிருக்கிறது என்று கொள்ளலாம்.

ஒருவன் மொகோ மற்றொருவனுக்கு வராது. இங்கிலாந்துக்குச் சென்றிருந்த தே பெஹி குபே என்னும் தலைவர், கண்ணாடியைப் பாராமல் தம் முகத்துக் கோடு ஒவ்வொன்றையும் காகிதத்தில் வரைந்து காட்டினார். கூடவே தம் சகோதரனுடைய மொகோவையும் மகனுடைய மொகோவையும் ஞாபகத்திலிருந்து வரைந்தார். ஐரோப்பியர்கள் காகிதத்தில் எழுதும் பெயரைத் தாம் முகத்தில் வைத்திருப்பதாக அவர் விளக்கினாராம். 1840-ம் வருஷம் வெள்ளைக்காரர்களோடு வைதாங்கி உடன்படிக்கை ஏற்பட்டபோது, சில தலைவர்கள் மொகோவின் ஒரு பகுதியை வரைந்தே கையெழுத்திட்டார்கள். மாவோரி பாஷையில் அவர்கள் சம்மதித்தது ஒன்று, இங்கிலீஷில் இருந்தது மற்றொன்று என்பது தனிக் கதை.

பெயர் எழுதிய அந்த முகங்களுக்கு என்ன கதி நேர்ந்தது என்பதைச் சொல்லவே கூசுகிறது. அன்புக்குரிய பெரியவர்கள் இறந்தால் தலையைப் பதம் செய்து வைத்து, விசேஷ காலங்களில் எடுத்து அழுவது மாவோரிகளின் பழைய வழக்கம். ஐரோப்பிய மாலுமிகள் அந்தத் தலைகளுக்குத் துப்பாக்கியை விலையாகக் கொடுத்தார்கள்! வியாபாரம் பெருகிற்று. 1831-ம் வருஷம் நியூ சவுத் வேல்ஸ் கவர்னர் டார்லிங் அதைத் தடை செய்தார். அதற்குள் ஐரோப்பாவின் கண்ணாடிப் பெட்டிகள் நிறைந்துவிட்டன. அந்தத் தலைகள் திரும்பி வர ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆயிற்று. பிரெஞ்சு தேசம் 2010-ம் வருஷம் தனிச் சட்டம் இயற்றி, 2012-ல் இருபது தலைகளைத் தே பாபாவிடம் ஒப்படைத்தது.

வீடுகளுக்கும் இதே விதிதான். கிஸ்பர்ன் நகரின் அருகே ரொங்கோஃபாகாதா மக்களிடையே ரஹாருஹி ருகுபோ என்னும் மகா சிற்பி இருந்தார். மறைந்த தமையனாரின் நினைவாக அவர் 1840-க்குப் பின் கட்டிய 'தே ஹாவு கி தூரங்கா' என்ற வீட்டுக்கு இணையில்லை என்பார்கள். மொகோ நிறைந்த தம் முகத்தையும் ஒரு பலகையில் அவர் செதுக்கி வைத்தார். 1867-ம் வருஷம் சர்க்கார் மந்திரி ஒருவர் வந்தார்; வீட்டைப் பெயர்த்துக் கப்பலில் ஏற்றி வெல்லிங்டன் பொருட்காட்சி சாலைக்குக் கொண்டு போனார். தாம் சம்மதிக்கவே இல்லை என்று ருகுபோ பார்லிமெண்டுக்கு மனுக் கொடுத்தார். பயனில்லை. 1873-ல் அவர் காலமானார். அவர் செதுக்கிய அவருடைய முகம் மட்டும் அந்நிய ஊரில் சுவரோரம் நின்றது.

அதைவிட விசித்திரமானது 'மதாஆதுவா' என்னும் வீட்டின் பிரயாணம். ஃபாகதானேயில் ஙாத்தி ஆவா குலத்தார் நிலங்களைச் சர்க்காரிடம் பறிகொடுத்த பின்பு, மனம் தளராமல் கட்டி 1875-ல் திறந்த வீடு அது. நெடுநாள் ஊரில் நிலைக்கவில்லை. 1879-ல் சிட்னி நகரத்துச் சர்வதேசப் பொருட்காட்சிக்கு அனுப்பப்பட்டது. அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? ஜனங்கள் சுலபமாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக, உட்சுவர்ப் பலகைகளை வெளிப்புறமாகத் திருப்பி நிறுத்தினார்கள்! ஒரு பெரியவரின் வயிற்றை வெளியே புரட்டிக் காட்டியது போலாயிற்று. பிறகு மெல்போர்ன், பிறகு லண்டன். அங்கே ஒரு பெரிய காட்சிசாலையின் கிடங்கில் நாற்பது வருஷம். 1924-ல் வெம்பிளி சாம்ராஜ்யப் பொருட்காட்சி. 1925-ல் நியூஸிலாந்துக்கே திரும்பிற்று. ஊருக்கு அல்ல, தென்தீவில் உள்ள டனீடின் பொருட்காட்சி சாலைக்கு. அங்கே கட்டிடத்தில் அடங்கவில்லை என்று பலகைகளை வெட்டிக் குறைத்தார்கள்.

நாம் முன்பு சொன்ன கதையின் நாயகன் ருவாதெபுபுகேயின் பெயரைத் தாங்கிய வீடு ஒன்று உண்டு. தொகோமாரு விரிகுடாவில் 1881-ல் கட்டியது. அது ஒரு வியாபாரியின் கை மாறி, 1905-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரத்து ஃபீல்டு பொருட்காட்சி சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. மகனைத் தேடிக் கடலில் மூழ்கியவன் பெயரால் அமைந்த வீடே கடல் கடந்து போய்விட்டது.

மிஞ்சியிருந்த கலையைக் காப்பாற்றிய புண்ணியம் ஸர் அபிரானா ஙாதாவைச் சேரும். 1905 முதல் 1943 வரையில் பார்லிமெண்டில் இருந்தவர். மந்திரி பதவியும் வகித்தவர். இன்று நியூஸிலாந்தின் ஐம்பது டாலர் நோட்டில் அவருடைய படம் இருக்கிறது. நிலச் சட்டத்தோடு மல்லாடிய அதே மனிதர், வீடு இல்லாத குலம் நிலத்தை மீட்டும் பயனில்லை என்று கண்டார். அவருடைய முயற்சியால் 1927-ல் ரொதோருவாவில் மாவோரிக் கலைப் பள்ளி ஆரம்பமாயிற்று. மாணவர்கள் உளி பிடிக்கக் கற்றார்கள். ஆனால் பழைய சிற்பங்களில் இருந்த உயிர் வரவில்லை. பைன் தையாபா என்ற மாணவர் காரணத்தைத் தேடிக்கொண்டு எராமிஹா கபுவா என்னும் முதிய சிற்பியிடம் போனார். கிழவர் கையில் எடுத்தது உளியை அல்ல, வாய்ச்சியை! வாய்ச்சி வீச்சில் உருவத்தை வெளிக்கொணர்ந்துவிட்டுப் பிறகே உளியைத் தொட வேண்டும். அறுந்துபோக இருந்த அந்த நூல் இப்படி ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாறிற்று. 1940-ல் வைதாங்கியில் திறந்த பெரிய வீட்டில், எல்லாக் குலத்து மூதாதைகளும் ஒரே கூரையின் கீழ் நிற்கிறார்கள்.

1984-ல் நியூயார்க் நகரில் 'தே மாவோரி' என்னும் சிற்பக் காட்சி நடந்தது. அனுப்புவதற்கு முன் அந்தந்தக் குலத்தாரின் சம்மதத்தைக் கேட்டார்கள். பெரியவர்கள் கூடவே சென்று, விடியற்காலையில் தங்கள் பாட்டன்மாரோடு பேசி அழைத்த பிறகே கதவு திறந்தது. 1986-ல் அக்காட்சி சிகாகோ போனபோது தொகோமாரு விரிகுடாவின் சந்ததியார் தங்கள் வீட்டைக் கண்டார்கள். பின்னர் இரு தரப்பாரும் சேர்ந்து அதைச் செப்பனிட்டார்கள். அது இன்னும் சிகாகோவிலேயே நிற்கிறது. ஆனால் இப்போது அவர்கள் அறிவும் சம்மதமும் பெற்று நிற்கிறது.

முகத்தில் எழுதும் வழக்கமும் மீண்டது. 2020-ல் நியூஸிலாந்தின் வெளிநாட்டு மந்திரியாகப் பதவியேற்ற நநாயா மஹுதா அம்மையாரின் மோவாயில் பெண்களுக்குரிய மொகோ இருந்தது. தே ஹாவு கி தூரங்காவின் உடைமை 2012-ம் வருஷத்துச் சட்டப்படி ரொங்கோஃபாகாதா மக்களுக்கே மீண்டும் உரியதாயிற்று.

மதாஆதுவாவை ஙாத்தி ஆவா குலத்தாரிடம் திருப்பிக் கொடுக்கச் சர்க்கார் 1996-ல் இணங்கிற்று. வெட்டுண்டும் உளுத்தும் இருந்த பலகைகளைப் பழுது பார்க்கவும், குறைந்த இடங்களில் புதிதாகச் செதுக்கிச் சேர்க்கவும், தட்டிகளைத் திரும்பப் பின்னவும் பதினைந்து வருஷங்கள் பிடித்தன. 2011-ம் வருஷம் செப்டம்பர் மாதம் ஃபாகதானேயில் வீடு திறந்தது. அதைக் கட்டியவர்களின் சந்ததியார் வாசல் வழியே உள்ளே போனார்கள். பலகைகள் எல்லாம் உள்முகமாக நின்றன.